புதுப்பிப்பு: கற்சிலைமடுக் கூத்துக் காசு

1803 ஒக்ரோபர் 31 வன்னி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரக் கப்டன் வொன் டிறிபேக்கிட்டத் தோத்த கற்சிலைமடுவில ஒரு துண்டுக் காணி விலைக்கு வந்திருக்கு, கூத்துப் போட்டுக் காசு சேர்க்கப்போறம் எண்டு முந்தி எழுதினனான். கூத்து முடிஞ்சுது. காணிக்குக் காணாது, முற்பணத்துக்குப் போதும்.

அங்க வெள்ளைக்காரன் நட்ட கல்லு தோத்ததை மட்டும்தான் சொல்லிச்சுது. நாங்கள், பண்டாரவன்னியன் அதே வருசம் ஓகஸ்ற்றில முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சதையும் ஆடினம். அந்தக் காட்சியிலதான் எங்கட தார்ப்பீப்பாப் பீரங்கி சில்லுக் கழண்டு சனத்துக்குள்ள உருண்டிட்டுது! முன்வரிசை அப்பாச்சி ஒராள் கதிரையோட எழும்பி ஓடினா. பிறகு உண்டியலுக்குள்ள ஆயிரம் ரூவாத் தாளை நாலா மடிச்சுப் போட்டதும் அவதான்.

காணிக்காரர் தை மட்டும் பொறுக்கிறாராம். அடுத்த ஆட்டம் ஒட்டுசுட்டானில. சில்லுக்குக் கடையாணி போட்டாச்சு.