தொப்பை இருக்கிறவனுக்கும் லாடா வருமா?

அம்பைக்காரன்:
வயசு 41. மூன்று வருஷமாகச் சுகர் மாத்திரை. ஆரம்பத்தில் 88 கிலோ, ராத்திரி புரோட்டாவை விடு, தொப்பையைக் குறை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். விட்டேன், விடிகாலையில் ஆற்றுப் பாலம் வரை நடந்து 79க்கு வந்தேன், ஆனாலும் மூணு மாசச் சுகர் 9.8ஐ விட்டு இறங்கவே இல்லை. போன வாரம் வேறு டாக்டர் ஜிஏடி ஆன்டிபாடி (உடம்பே கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்) எடுக்கச் சொன்னார், பாசிட்டிவ். லாடாவாம், அந்தத் தாக்குதலால் பெரியவர்களுக்கு மெதுவாக வரும் சுகராம், இன்சுலின் ஊசிக்குப் போக வேண்டிவருமாம். அது ஒல்லியானவர்களுக்குத்தானே வரும்? என்னைவிடக் குண்டான அண்ணன் கல்லு மாதிரி இருக்கிறானே! இது உடம்பால் வந்ததா, வம்சத்தால் வந்ததா?

பாளை லேப் அக்கா:
ரெண்டும்தான் தம்பி. நம்ம செல் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று உடம்பு அடையாளம் பார்ப்பதில் எச்எல்ஏ ஜீன்களுக்குப் பெரிய பங்கு. அதில் டிஆர்3, டிஆர்4 வகை இருந்தால் இன்சுலின் சுரக்கும் கணையத்து பீட்டா செல்லையே உடம்பு தாக்கும் வாய்ப்பு கூடும், சின்னப் பிள்ளைகளின் டைப் 1இலும் இதே கதைதான். லாடாவில் கூடுதலாக, டைப் 2 ஜீனான டிசிஎஃப்7எல்2வும் தலைகாட்டுகிறது. அண்ணனைப் பார்த்து ஏமாறாதீங்க, கூடப்பிறந்தவர்களில் எச்எல்ஏ அச்சு அசலாக ஒத்துப்போவது நாலில் ஒருவருக்குத்தான். ஜீன் இருப்பவர்களிலும் பெரும்பாலானோருக்கு நோயே வராது.

இனி தொப்பை. கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அரைகுறையாக மிஞ்சிய செல்கள் ரெட்டை வேலை பார்த்துத் தளரும். ஸ்வீடன், நார்வே ஆய்வுகளில் எடை கூடக்கூட லாடா வாய்ப்பும் கூடியது, எச்எல்ஏவும் எடையும் சேர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஒல்லிக் கணக்கை நம்பித்தான் பாதிப் பேருக்கு இந்த டெஸ்ட்டே எழுதுவதில்லை, அது என் ஆதங்கம்.

சங்கரன்கோவில் அண்ணாச்சி:
எனக்கும் இதே கூத்துதான் தம்பி, நாலு வருஷம் டைப் 2 என்றே ஓட்டினாங்க. கிளிமிபிரைடு சாப்பிட்டால் டாக்டரிடம் கேளுங்க, இருக்கிற செல்லைப் பிழியும் மாத்திரை அது, லாடாவுக்குப் பொதுவாக வேண்டாம் என்பார்கள். சி-பெப்டைடு பார்த்தால் கணையத்தில் இன்சுலின் சுரப்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். தைராய்டும் பாருங்க, ரெண்டும் சேர்ந்தே வரும் பலருக்கு.

கடையம் மச்சான்:
சிறியாநங்கை இலை நாலு மென்னு பாருங்க மாப்ளே.

பாளை லேப் அக்கா:
மெல்லட்டும், ஆனால் அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அம்பைக்காரன்:
அத்தைக்குத் தைராய்டு, அவங்க மகளுக்கு ஒன்பது வயசிலேயே ஊசி, இப்போதுதான் நினைவுக்கு வருது. அப்போ இனி எடை குறைத்து என்ன புண்ணியம்?

பாளை லேப் அக்கா:
இருக்கு. ஊசி போட்டாலும் கம்மி யூனிட்டில் கேட்கும். நடையை விடாதீங்க, ஆனால் சாப்பாட்டைக் குறைக்காமலே எடை தானாக இறங்கினால் அது வேற, உடனே காட்டணும்.

அம்பைக்காரன்:
சரிக்கா. வியாழக்கிழமை சி-பெப்டைடு கொடுக்கிறேன், ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுறேன்.