பொருள்: துருநீக்கியா, துருமாற்றியா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பவர்:
அன்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பெயின்டிங் கையேட்டில் ஒரு பாடம் என் பங்கு. வெயிலிலும் மழையிலும் கிடந்த இரும்பு பெஞ்சு, நாற்காலிகளைத் துரு போக்கி மறுபடி வண்ணம் அடிப்பது பற்றி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கம்பி பிரஷ், உப்புத்தாள், பிரைமர் எல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ மட்டும் இடிக்கிறது. துருநீக்கி என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

பட்டறை ஆசிரியர்:
சரியில்லை தம்பி. நீக்கி என்பது அமிலம். தடவி, துரு கரைந்ததும் கழுவிவிட வேண்டும். இதையோ கழுவவே கூடாது. இதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து அதைக் கறுத்து இறுகிய படலமாக்கும். காய்ந்ததும் அதன் மேலேயே பெயின்ட் அடிக்கலாம். நானே ஒருமுறை வகுப்பில் வாய் தவறி ‘நீக்கி’ என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் தோட்டத்து பெஞ்சில் தடவிவிட்டு, காய்வதற்குள் குழாயைத் திறந்துவிட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் கைப்பிடிக்கு அடியில், வெல்டிங் வைத்த மூலையில், மஞ்சள்பொடி தூவியது போலப் புதுத் துரு. துருமாற்றி என்று போடுங்கள்.

புலவர் ஐயா:
துருமாற்றி என்றால் பழைய துருவைக் கொடுத்துப் புதுத் துரு வாங்கும் கடை போல ஒலிக்கிறது. முதலில் துரு என்பது என்ன? துவர் என்றால் செம்மை. துவர்வாய், துவராடை காண்க. துவர் திரிந்தே துரு ஆகியிருக்க வேண்டும். டானின் என்பதும் துவர்ப்புதானே! நோயும் மருந்தும் ஒரே வேரில். ஆகவே ‘துவர்ப்பூச்சு’.

வேதியியல் படித்தவர்:
அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் பாஸ்பாரிக் அமிலத்தில் செய்ததும் விற்கிறது. அது துவர்க்காது, புளிக்கும். துருவு, துருவல் எல்லாம் பக்கத்திலேயே இருக்க, துவருக்குப் போவானேன்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து மை செய்தார்களே, இங்கும் நடப்பது அதே வினைதான். வாழைப்பூ நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுப்பதும் அப்படியே.

சித்த மருத்துவ அன்பர்:
பாதரசத்தைக் கட்டி ரசமணி செய்வது போல, இங்கே துருவை ஓடவிடாமல் கட்டுகிறோம். ‘துருக்கட்டு’ என்னலாமே?

பட்டறை ஆசிரியர்:
துருக்கட்டு என்றால் பையன்கள் கட்டு கட்டாகத் துரு என்று சிரிப்பார்கள்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
எங்கள் பக்கம் துரு என்று சொல்வது குறைவு. கறள்தான், கறள் பிடித்த ஆணி என்போம். கறள்மாற்றி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்கும். தமிழகத்துக் கையேடு என்றால் தமிழகத்துச் சொல் மட்டும்தானா?

பட்டறை ஆசிரியர்:
எந்தப் பெயரை வைத்தாலும், உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே தடவ வேண்டும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். செதில் செதிலாக நிற்கும் துருவில் மேல்தோல் மட்டும்தான் கறுக்கும்; சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு அப்படியே இருக்கும். இன்னொரு கூத்து: நாம் அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமருக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். துருவைத் தேய்த்துத் தள்ளிவிட்டு அதன் பங்காளியையே பூசுகிறோம். ஐயா இதற்கும் பெயர் தேட ஆரம்பித்தால் வெள்ளி போய்த் திங்கள் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர்:
இரண்டு நாளாக இதே பேச்சு. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘மாற்றி’க்கே ஆதரவு அதிகம். துருமாற்றி என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘துரு அல்லது கறள்’ என்று சேர்த்திருக்கிறேன். ‘தடவிய பின் கழுவக் கூடாது’ என்பது தடித்த எழுத்தில். எல்லோருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்து அன்பர்:
அடைப்புக்குறிக்குள் போடாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி.

புலவர் ஐயா:
அச்சுக்குப் போகட்டும், தடையில்லை. ஆனால் மாற்றி என்றதும் மின்மாற்றிதான் நினைவுக்கு வருகிறது. என் மறுப்பு அப்படியே இருக்கிறது. துவர், துரு இரண்டையும் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

வேதியியல் படித்தவர்:
ஐயா, புது இழையில் எழுதுங்கள்.