பெனும்ப்ராவுக்கு ‘ஊசல்திசு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்தில் இரத்தம் குறைந்து, வேலையை நிறுத்தியும் இன்னும் சாகாமல் இருக்கும் மூளைத் திசுவை மருத்துவர்கள் பெனும்ப்ரா (penumbra) என்கிறார்கள். அதற்கு ‘ஊசல்திசு’ என்று நான் சொன்னதற்கு ஓர் ஐயா இப்படிக் கேட்டிருந்தார்:

> பெனும்ப்ராவுக்குப் ‘புறநிழல்’ பாடநூலிலேயே இருக்கிறதே, புதிய சொல் எதற்கு?

ஐயா கேட்பது நியாயம்தான். 1981இல் ஆஸ்ட்ரப், சீசியோ, சைமன் மூவரும் மூளையைப் பற்றி எழுதியபோதும் கிரகணத்தில் கருநிழலைச் சுற்றியிருக்கும் மங்கலான புறநிழலைத்தான் உவமையாகக் காட்டினார்கள். ஆனால் பக்கவாதம் வந்தவரின் மகளிடம் “மூளையில் புறநிழல் இருக்கிறது” என்றால், ஸ்கேனில் ஏதோ கட்டி என்று பயந்துவிடுவார்.

நிழலா இங்கே விஷயம்? நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் வேண்டும். ஏறத்தாழ 20க்குக் கீழே போனால் நரம்பணு வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. 10க்கும் கீழே இறங்கினால் சீக்கிரமே மடிந்துவிடும். இடைப்பட்ட அந்தத் திசு, பக்கத்துக் கிளைக்குழாய்கள் தரும் கொஞ்ச இரத்தத்தில் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

2018இல் அச்சில் வந்த ‘டான்’ (DAWN) என்ற பக்கவாதச் சிகிச்சை ஆய்வு இந்தத் திசுவை நம்பித்தான் நடந்தது. கடைசியாக நன்றாக இருந்து 6 முதல் 24 மணி நேரம் கடந்துவிட்ட 206 பேர் அதில் இருந்தார்கள். செயலிழப்பு பெரிது, மடிந்த பகுதி சிறிது என்று இருந்தவர்களையே சேர்த்தார்கள். இரத்தக்குழாய் வழியே உறைவு எடுக்கப்பட்ட நோயாளிகளில் 49 சதவீதம் பேர் 90 நாள் கழித்துப் பிறர் துணையில்லாமல் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம்தான். எத்தனை குடும்பங்களின் கதை இது!

அதனால்தான் ‘ஊசல்திசு’ என்கிறேன். உயிர் ஊசலாடுகிறது என்று வீட்டில் சொல்கிறோமே, அதே நிலை. “ஊசல்திசு நிறைய இருக்கிறது, இப்போதே அடைப்பை எடுத்துவிடலாம்” என்றால் அந்த மகளுக்கு உடனே புரியும்.

ஊசல் என்றால் ஊசிப்போன சோறு நினைவுக்கு வருகிறது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். பள்ளியில் தனி ஊசல் படித்தவர் யாரும் அப்படி நினைப்பதில்லையே. அவர் தந்த ‘மீள்திசு’ அழகான சொல், ஆனால் மீண்டுவிடும் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. டான் ஆய்வில் உறைவு எடுக்கப்பட்டவர்களிலும் பாதிப் பேர் பிறர் துணையில்லாமல் வாழும் நிலையை எட்டவில்லை.

அப்புறம், புணர்ச்சி இலக்கணப்படி ‘ஊசற்றிசு’ என்று வரவேண்டும் என்பீர்கள். வார்டில் அது வாயில் நுழையாது. ‘ஊசல்திசு’ என்றே இருக்கட்டும். இலங்கை நண்பர்கள் திசுவை இழையம் என்பார்கள். ‘ஊசலிழையம்’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?