டீசல் ரீமேப்: இன்னும் மனதைக் குடையும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ராத்திரிப்பயணி:

இன்ஜினை ஆளும் கணினியின் ஃபைலை மாற்றுவதுதான் ரீமேப். அதில் முதல் படியான ஸ்டேஜ் 1 போட்டவர்கள் எல்லோரும் இழுவையைப் பற்றித்தான் எழுதுகிறோம். எனக்கு மனதில் நிற்பது வேறு. ரீமேப் முடிந்த அன்று இரவே காரை வெளியே எடுத்தேன். ஒரு மேடு ஏறும் இடத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தேன். கார் பாய்ந்தது, அதில் குறையே இல்லை. ஆனால் கண்ணாடியில் பின்னால் வந்த காரின் இரண்டு ஹெட்லைட்டும் முதலில் மங்கின, பழுப்பாகின, அப்புறம் காணாமலே போயின. புகை கலைந்தபோது அந்தக் கார் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. ஓட்டியவர் பயந்து பிரேக் பிடித்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தாரா, உள்ளே குழந்தை இருந்ததா, எதுவும் தெரியாது.

மறுநாள், ரீமேப் செய்த ட்யூனரிடம் கேட்டேன். "டீசல்னா புகை வரத்தான் சார் செய்யும். டார்க், அதான் இழுவிசை, வேணும்னா இதெல்லாம் சகஜம்" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. பழைய ஃபைலையே திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் இப்படி மனதை விட்டுப் போகாத சம்பவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஆறாம்கியர்:

எனக்குப் புகை இல்லை, கிளட்ச். ஆறாவது கியர், 1,700 ஆர்பிஎம், லேசான ஏற்றம். மிதித்தேன். ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று 2,600 வரை ஏறியது. வேக முள் இருந்த இடத்திலேயே நின்றது. இன்ஜின் மட்டும் கத்துகிறது, கார் நகர்வது அதே வேகத்தில்தான். இரண்டு மூச்சு விடுவதற்குள் அந்தக் கருகல் வாடை. பக்கத்தில் இருந்த மச்சான், "மாப்ள, ஹேண்ட்பிரேக் எடுத்தியா இல்லியா?" என்று கேட்டார்.

கிளட்ச் பழசு இல்லை. கம்பெனி போட்டுத் தந்த ஸ்டாக் மேப்பில் ஒருநாளும் வழுக்கியதில்லை. என்னைக் குடைவது, இன்ஜின் சக்தியை அளந்து காட்டும் அந்த டைனோ கிராஃப்தான். டார்க் கோடு 1,800 பக்கத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக எழும்பி நிற்கும். ட்யூனர் அந்த இடத்தைத்தான் விரல் வைத்துக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். வழுக்கியதும் அதே இடத்தில்தான். கிளட்சைத் தோற்கடிப்பது டார்க். உச்சப் பவர் வருவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் சாய்வாக எழும்ப விட்டிருந்தால் கிளட்ச், டூயல் மாஸ் ஃப்ளைவீல், கனெக்டிங் ராடு எல்லாமே மூச்சு விட்டிருக்கும். உச்சப் பவரும் ஒரு குதிரை கூடக் குறைந்திருக்காது.

லாகர்:

ராத்திரிப்பயணி, உங்கள் ட்யூனர் சொன்னது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை டைனோ அறையில் நண்பரின் கார் ஓடும்போது நின்றிருக்கிறேன். ஷட்டர் திறந்திருந்தும் எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்குக் கரும்புகை. அவர்கள் திரையில் ஏறும் எண்ணைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

டீசலில் காற்று எப்போதும் மிச்சமாக இருக்க வேண்டும். ஒரு பங்கு டீசல் எரிய ஏறத்தாழ 14.5 பங்கு காற்று போதும் என்பது கணக்கு. ஆனால் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் சீராகக் கலப்பதில்லை என்பதால், அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் காற்று இருந்தால்தான் கரி இல்லாமல் எரியும். ஈசியூவில், அதாவது இன்ஜின் கணினியில், இதற்கென்றே ஸ்மோக் லிமிட்டர் என்று ஒரு மேப் உண்டு. காற்று அளக்கும் மாஃப் சென்சார் சொல்லும் அளவைப் பார்த்து, இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசலுக்கு மேல் விடாதே என்று பிடித்து வைப்பது அதன் வேலை. மிதித்தவுடன் டர்போ சுற்றிப் பூஸ்ட், அதாவது அது தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறச் சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளியில் காத்திருக்க வைப்பதே இந்த மேப்தான். இதைத் தளர்த்திவிட்டால் மிதித்த கணமே கார் துள்ளும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். அந்தத் துள்ளலின் விலைதான் நீங்கள் கண்ணாடியில் பார்த்தது. எரியாத டீசல் கரியாக வெளியே போகிறது, கூடவே எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறுகிறது. அது தொடர்ந்தால் டர்போவும் பிஸ்டனும் தாங்காது.

அதனால் ரீமேப்புக்கு முன்னாலும் பின்னாலும் லாக் எடுங்கள், அதாவது ஓடும்போது சென்சார் எண்களைப் பதிவு செய்யுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 1,500இலிருந்து மேல் வரை ஒரே மிதி. ஈசியூ கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), வந்த ரெயில் பிரஷர், காற்றின் அளவு. கேட்டதும் வந்ததும் சேர்ந்தே போக வேண்டும். பூஸ்ட் கீழே தொங்கினால் ரீமேப்பைப் பற்றிப் பேசவே கூடாது. முதலில் இன்டர்கூலர் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. மாஃப் அழுக்காக இருந்தாலும் கணக்கு மாறும். எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு விடும் ஈஜிஆர் வால்வு முழுதாக மூடாமல் சிக்கியிருந்தாலும் புகைதான். இதையெல்லாம் பார்க்காமல் ஃபைல் ஏற்றுகிறவரிடம் காரையே விடாதீர்கள்.

ராத்திரிப்பயணி:

லாகர், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நான் சரிசெய்வது எப்படி என்று கேட்கவில்லை. கார் ஸ்டாக் மேப்பில் நன்றாகவே ஓடுகிறது. எனக்குத் தீராதது பின்னால் வந்த அந்த ஆள் விஷயம். அவர் என்னை என்ன நினைத்திருப்பார் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவர் பிரேக் பிடித்தபோது அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால்?

ஸ்பானர்பெட்டி:

என்னுடையது ஃபைல் ஏற்றும்போதே நடந்தது. லேப்டாப்பில் ஃபைல் ஏறும் அளவைக் காட்டும் பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் போடுங்கள் என்று முதலிலேயே கேட்டேன், "தேவையில்லை, பேட்டரி நல்லா இருக்கு" என்றார்கள். திடீரென்று ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. டேஷ்போர்டு விளக்குகள் ஒரு துடிப்பு மங்கின. பட்டை நின்றது. யாரும் பேசவில்லை. லேப்டாப்பில் இருந்தவர் மவுஸை மட்டும் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனரோ ஈசியூவே இல்லை என்கிறது. காரை இழுத்துத்தான் போக வேண்டியிருந்தது. வேறொருவர் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்து, மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த கருப்புப் பசையைச் சூடுகாட்டி, பிளேடால் நூல் நூலாக அறுத்து எடுத்தார். உள்ளே பச்சைப் பலகை. ஊசி முனை ஒன்றை ஒரு புள்ளியில் வைத்து, நேரடியாக எழுத விடும் பூட் மோடில் பிடித்து, ஒரிஜினல் ஃபைலை ஏற்றினார். அந்தப் பிளேடு மூடிக்கடியில் போகும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கார் இன்று நன்றாக ஓடுகிறது. ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் அந்த மூடி சரியாக ஒட்டியிருக்குமா என்று ஒரு எண்ணம் வரத்தான் செய்கிறது.

மலைவண்டி:

எல்லோரும் கெட்டதையே எழுதுகிறீர்கள். என் சம்பவம் நல்லது, இதுவும் மனதை விட்டுப் போகவில்லை. ஏழு பேர், மேலே லக்கேஜ், மலைப்பாதை. ரீமேப்புக்கு முன்பு அந்த வளைவுகளில் இரண்டாவது கியரில் இன்ஜினை அலற வைத்துத்தான் ஏறுவேன். அன்று மூன்றாவது கியரிலேயே, 1,800 ஆர்பிஎம்மில், மிதிக்காமல் தொட்டாலே ஏறியது. பின்சீட்டில் அம்மா உச்சி வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தலை முன்னால் ஆடி விழித்துக்கொள்வார்கள். மைலேஜும் கூடியிருக்கிறது, டிஸ்ப்ளே லிட்டருக்கு 2 கிலோமீட்டர் அதிகமாகக் காட்டுகிறது.

பழையடீசல்:

மலைவண்டி, அம்மா தூங்கியதை நம்புகிறேன். டிஸ்ப்ளேயை நம்ப வேண்டாம். ஒரு சொந்தக்காரர் காரில் இதே கூத்து. அவரும் டிஸ்ப்ளேயைக் காட்டிக்கொண்டே வந்தார். பம்பில் பழைய அளவைவிட அதிகமாக டீசல் பிடித்தபோது, டேங்கில் ஓட்டை இருக்கிறதா என்று காருக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

காரணம் இதுதான். டிஸ்ப்ளேக்குத் தனியாக டீசல் அளக்கும் கருவி கிடையாது. ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிகிராம் பீய்ச்சச் சொன்னோம் என்று ஈசியூ கூட்டிப்பார்த்துச் சொல்வதுதான் அந்த எண். நல்ல ட்யூனர் டார்க் கோரிக்கையை உயர்த்தி, அதற்கேற்ற டீசல் அளவையும் முறையாக உயர்த்துவார். அப்போது கணக்கு சரியாக இருக்கும். சிலர் குறுக்கு வழியில், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்துக்கான மேப்பை மட்டும் நீட்டிவிடுவார்கள். ஈசியூ 50 மில்லிகிராம் என்று நினைத்துக்கொண்டிருக்கும், உள்ளே போவது அதற்கும் மேல். ரெயில் பிரஷர் சென்சாரைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும் ட்யூனிங் பாக்ஸ்களிலும் இதே கதைதான். டிஸ்ப்ளே குறைவாகவே காட்டும். தானியங்கி கியர்பாக்ஸ் என்றால் இது இன்னும் ஆபத்து. ஈசியூ சொல்லும் டார்க்கை வைத்துத்தான் அது தன் கிளட்சை எவ்வளவு இறுக்குவது என்று முடிவு செய்கிறது. பொய்யான டார்க் சொன்னால் இறுக்கம் போதாமல் வழுக்கும். ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் டிக்யூ200 மாதிரி உலர் கிளட்ச் பெட்டிகள் 250 நியூட்டன் மீட்டருக்கு என்று வடிவமைத்தவை. அவற்றில் விளையாட இடமே இல்லை.

டேங்கை நாசில் கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓட்டுங்கள். அதே பம்பில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை போதாது, தொடர்ந்து சில டேங்க் பாருங்கள். அப்புறம் மைலேஜ் பேசுவோம்.

மலைவண்டி:

சரி அண்ணா, டேங்க் கணக்கு எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஆனால் ஏற்றத்தில் அந்த இழுவை டிஸ்ப்ளே காட்டியதல்ல, நான் காலில் உணர்ந்தது.

லாகர்:

உணர்ந்திருப்பீர்கள், மறுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம். உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. அதே பூஸ்டைக் கொண்டுவர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். ஸ்டாக் மேப் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பார்த்து மலையில் பூஸ்டைத் தானாகக் குறைக்கும். அந்த வரம்பை உங்கள் ட்யூனர் தொட்டாரா என்று கேளுங்கள். உச்சியில் டர்போவின் விசில் வழக்கத்தைவிட மெல்லியதாக, கூர்மையாகக் கேட்டால் காலை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம்கை:

நான் ரீமேப் செய்யவில்லை. செய்யப்பட்ட காரை வாங்கியவன். "ரீமேப் பண்ணினது, சூப்பரா இழுக்கும்" என்று மட்டும்தான் விற்றவர் சொன்னார். இழுத்ததும் உண்மை.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் கார் உள்ளே வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை. நேராகப் பின்னால் போனார், குனிந்தார், ஆள்காட்டி விரலை சைலன்சர் குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். கருகரு என்று மை. "டிபிஎஃப், அதான் கரி புடிக்கிற ஃபில்டர், இருக்குற வண்டில இந்த இடம் சுத்தமா இருக்கணும் தம்பி" என்றார். லிஃப்டில் ஏற்றியபோது ஃபில்டர் டப்பா அங்கேயே இருந்தது. பக்கவாட்டில் வெட்டி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, திரும்ப வெல்டிங் வைத்திருந்தார்கள். விரலால் சுண்டினால் வெற்று டின் சத்தம். ஈசியூவில், ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கும் ரீஜெனரேஷனை அணைத்து, எரர் கோடுகளையும் வாயடைத்துவிட்டிருந்தார்கள். அதனால் ஒரு விளக்கும் எரியவில்லை. விற்றவரை அழைத்தேன். "எல்லாரும் பண்றதுதானே?" என்றார்.

ஆறாம்கியர்:

விற்றவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2015இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டவில்லையா? உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். மாசுச் சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள். கம்பெனியே செய்தால் தனியாளைக் குறை சொல்வானேன்?

மூன்றாம்கை:

ஒப்புக்கொள்ள முடியாது. அங்கே ஏமாற்றியது நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில். மாட்டியதும் அமெரிக்காவில் கார்களைத் திரும்ப வாங்கினார்கள், அபராதம் கட்டினார்கள், அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள். என் காரில் பிடுங்கியது கரியைப் பிடிக்கும் ஃபில்டர். அந்தக் கரி எனக்குப் பின்னால் வருகிறவர் மூக்குக்குத்தான் போகிறது, ராத்திரிப்பயணி எழுதிய அதே ஆள். புது ஃபில்டர் ஆர்டர் செய்துவிட்டேன். எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான்: அந்தக் காரின் ஒரிஜினல் ஃபைல் விற்றவரிடம் இல்லை. ஈசியூவின் ஹார்டுவேர் எண்ணும் சாஃப்ட்வேர் எண்ணும் ஸ்டிக்கரில் இருக்கின்றன. அதை வைத்து ஸ்டாக் ஃபைல் ஏற்ற முடியுமா?

ஸ்பானர்பெட்டி:

முடியும். அந்த இரண்டு எண்களையும் படம் எடுத்து வையுங்கள், ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். இடையில் அப்டேட் ஏறியிருந்தால் சாஃப்ட்வேர் எண் மாறியிருக்கும். ஸ்கேனரில் படித்து ஒப்பிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே அந்தக் காருக்கான ஸ்டாக் மென்பொருளை ஏற்றச் சொல்லலாம். சில சமயம் எண் பொருந்தினால், "ஏற்கெனவே புதுசுதான்" என்று சிஸ்டம் மறுக்கும். அப்போது பெஞ்சில் வைத்துச் செய்கிறவரிடம்தான் போக வேண்டும். எங்கே போனாலும் சார்ஜரை மாட்டிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். புது ஃபில்டர் போட்டதும் கரி அளவின் கணக்கை ஸ்கேனரில் பூஜ்ஜியமாக்க மறக்க வேண்டாம்.