டெபியன் 13, 4 ஜிபி ரேம், தமிழ்99 தட்டச்சு: க்னோமா, ப்ளாஸ்மாவா, எக்ஸ்எஃப்சிஇயா?

கேட்டவர்: ஓலைச்சுவடி

வணக்கம் நண்பர்களே. இரண்டு கோர் 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப். அதில் டெபியன் 13 (லினக்ஸ் இயங்குதளம்) போட வேண்டும். வேலை ஃபயர்ஃபாக்ஸ், லிபர் ஆஃபிஸ், தமிழ்99 தட்டச்சு, அவ்வளவுதான். இன்ஸ்டாலரில் க்னோம், ப்ளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ என எல்லா டெஸ்க்டாப்பையும் (திரைச் சூழல்) டிக் செய்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வேண்டாததை நீக்கலாமா? அல்லது ஒன்றை மட்டும் போடுவது நல்லதா?

பதில்: கருப்புத்திரை

எல்லாவற்றையும் டிக் செய்யாதீர்கள். பிற்பாடு நீக்குவதுதான் தலைவலி. டாஸ்க்-க்னோம்-டெஸ்க்டாப் என்ற பொதியை நீக்கினால் அந்தப் பெயர்ப்பலகை மட்டும்தான் போகும், க்னோம் அப்படியே இருக்கும். சரி, தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓட்டுவோம் என்று போனால் சில நேரம் நெட்வொர்க் மேனேஜரும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும். படிக்காமல் ஒய் அழுத்தினால் வைஃபை போய்விடும். அதை மீண்டும் இறக்க இணையமும் இருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க லைவ் இமேஜ் (நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கும் பதிப்பு) போதும். க்னோம், கேடிஇ (ப்ளாஸ்மா), எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், மேட், எல்எக்ஸ்கியூட்டி எல்லாவற்றுக்கும் டெபியன் தனித்தனியாக வெளியிடுகிறது. பென் டிரைவில் எழுதி பூட் செய்து வைஃபை, ஒலி, திரை வெளிச்ச விசைகள், மூடியை மூடினால் உறங்கி எழுகிறதா ஆகியவற்றைப் பாருங்கள். வேகத்தை மட்டும் லைவில் கணிக்காதீர்கள். அது ரேமிலும் பென் டிரைவிலும் ஓடுகிறது, உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் மந்தம் அங்கே தெரியாது.

இந்தக் கணினிக்கு என் தேர்வு எக்ஸ்எஃப்சிஇ. டெபியன் 13இல் 4.20 வருகிறது. மென்பொருள் தேர்வுத் திரையில் ஒரு பொறி உண்டு: 'டெபியன் டெஸ்க்டாப்' என்ற வரியை மட்டும் விட்டுவைத்தால் க்னோம்தான் வரும். க்னோம் வரியின் டிக்கை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇயில் போடுங்கள்.

பதில்: விசைக்காரன்

எக்ஸ்எஃப்சிஇ சரிதான். ஆனால் ரேமை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். டெஸ்க்டாப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் சில நூறு எம்பி. ஃபயர்ஃபாக்ஸில் கனமான நாலைந்து டேப் திறந்தால் அதைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டுவிடும். எதை நிறுவினாலும், ரேமில் உள்ளதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் இசட்ரேம்-டூல்ஸ் பொதியைப் போடுங்கள். அதன் அமைப்புக் கோப்பு, ஈடிசி அடைவுக்குள் டீஃபால்ட் அடைவில் இருக்கும் இசட்ரேம்ஸ்வாப். அதில் ஆல்கோ, பெர்சென்ட் என்ற வரிகள் # குறியோடு மூடிக் கிடக்கும். # குறியை எடுத்து ஆல்கோவுக்கு இசட்எஸ்டிடி (சுருக்கும் முறை), பெர்சென்ட்டுக்கு 50 கொடுத்துவிட்டு இசட்ரேம்ஸ்வாப் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். # இருக்கும்வரை நீங்கள் எழுதிய எண் செல்லாது.

காசு செலவழிக்க முடிந்தால் ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி வாங்குங்கள். க்னோம், ப்ளாஸ்மா இரண்டும் கோப்புகளைப் பின்னணியில் அட்டவணைப்படுத்தும். சுழலும் டிஸ்க்கில் முதல் சில நாட்கள் அதுதான் கணினியை நெரிக்கும். க்னோமில் செட்டிங்ஸ் போய் சர்ச் பகுதியில் தேடும் இடங்களை நீக்கலாம். ப்ளாஸ்மாவில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபைல் சர்ச்சை அணைக்கலாம்.

உங்களுக்கு முக்கியமானது தமிழ் உள்ளீடு. டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் நிஜமாகவே மாறுவது அதுதான்.

க்னோமில் ஐபஸ் என்ற உள்ளீட்டு இயந்திரம் உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. அதற்குத் தமிழ்99 போன்ற தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் பொதியைப் போட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்து, கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. எக்ஸ்எஃப்சிஇ எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடுகிறது (புதிய அமைப்பான வேலேண்டுக்கான ஆதரவு 4.20இல் சோதனை நிலையில்தான் உள்ளது), அதனால் ஐபஸ், ஐபஸ்-எம்17என், ஐஎம்-கான்ஃபிக் மூன்றையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக்கை ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி நுழைய வேண்டும். ப்ளாஸ்மா 6.3 வேலேண்டில் ஓடும். அங்கே இன்னொரு உள்ளீட்டு இயந்திரமான ஃபிசிட்எக்ஸ்5, ஃபிசிட்எக்ஸ்5-எம்17என் போட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் 'வெர்ச்சுவல் கீபோர்டு' பக்கத்தில் ஃபிசிட்எக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து, இது தொடுதிரைக்கானது என்று பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது.

ஓலைச்சுவடி

நன்றி. எக்ஸ்எஃப்சிஇ போட்டாயிற்று. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 சேர்த்தேன். எழுத்து வருகிறது, ஆனால் ம இரண்டு முறை அடித்தால் 'மம' என்றே நிற்கிறது. புள்ளி தானாக விழவில்லை.

விசைக்காரன்

நீங்கள் சேர்த்தது எக்ஸ்கேபி என்ற அடிப்படை விசைப்பலகை அமைப்பின் தமிழ்99. எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஒரு குறியைத் தரும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99இன் சாரமே அந்த முன்பின் அறிவுதான்: ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதுக்குப் புள்ளி, ங அடித்து க அடித்தால் 'ங்க', இரட்டிப்பு வேண்டாம் என்றால் நடுவில் அ. இதற்கு உள்ளீட்டு இயந்திரம் வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ கீபோர்டு அமைப்பிலிருந்து தமிழை நீக்கி ஆங்கிலம் மட்டும் வையுங்கள். ஐபஸ் பிரிஃபெரன்சஸில் இன்புட் மெத்தட் பகுதிக்குப் போய், தமிழின் கீழ் எம்17என் என்று குறித்த தமிழ்99ஐச் சேருங்கள். இரண்டு இடத்திலும் தமிழ் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எழுத்து குழம்பும்.

கருப்புத்திரை

ஒன்று சேர்க்கிறேன். பின்னாளில் க்னோமையும் பக்கத்தில் போட்டுப் பார்க்க ஆசை வந்தால், அதற்கென்று தனிப் பயனர் கணக்கு திறந்து அதில் நுழையுங்கள். ஒரே ஹோம் அடைவில் இரண்டையும் ஓட்டினால் தீம், கர்சர், எந்தக் கோப்பை எந்தச் செயலி திறப்பது என்ற அமைப்பெல்லாம் கலந்துவிடும். நிறுவும்போது நுழைவுத் திரைக்கு லைட்டிஎம்மா, ஜிடிஎம்3ஆ என்று கேட்கும். லைட்டிஎம்மை வைத்துக்கொண்டால் க்னோமில் திரைப் பூட்டு வேலை செய்யாது, அதற்கு ஜிடிஎம் வேண்டும். ஜிடிஎம்மிலிருந்தே எக்ஸ்எஃப்சிஇக்கும் போகலாம்: பயனர் பெயரைச் சொடுக்கிய பின் வலது கீழ் மூலையில் வரும் பல்சக்கரத்தில் தேர்ந்தெடுங்கள்.