வினாடி வினாவுக்கு மூன்று கிராண்ட் பிரி கேள்விகள்: விடை நிற்குமா?

மார்த்தாண்டம் மேம்பாலம்:

ஓணம் லீவுக்கு மார்த்தாண்டத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா வைக்கிறோம். ஒரு சுற்று முழுக்க பழைய கிராண்ட் பிரி, அதாவது உலக அளவிலான பெரிய கார் பந்தயங்கள். விடை சொன்ன பிறகு எந்த அணியும் எழுந்து நின்று தர்க்கம் பண்ணக் கூடாது, அதுதான் கவலை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

1. தன் பெயர் கொண்ட காரில் கிராண்ட் பிரி ஜெயித்த முதல் ஓட்டுநர் யார்? (ஜாக் பிராபம், 1966, ரீம்ஸ்)
2. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைத்த முதல் கிராண்ட் பிரி கார் எது? (கூப்பர்)
3. எஞ்சினையே சேஸியின் (காரின் அடிச்சட்டம்) பாகமாக்கிய முதல் கார் எது? (லோட்டஸ் 49)

முதல் கேள்விக்கு டான் கர்னி, புரூஸ் மெக்லாரன் என்று சொன்னாலும் மார்க் கொடுக்கலாமா?

நாஞ்சில் வி8:

அண்ணே, முதல் கேள்வியில் ஆள் சரி, ஆனால் கேள்வியில் "உலக சாம்பியன்ஷிப்" என்ற சொல் இல்லாவிட்டால் வருஷம் நிற்காது. 1963-லேயே ஜெர்மனியில் சொலிட்யூட் கிராண்ட் பிரியையும் அடுத்து ஆஸ்திரியாவில் செல்ட்வெக் பந்தயத்தையும் பிராபம் தன் காரில் ஜெயித்துவிட்டார். இரண்டுமே சாம்பியன்ஷிப் புள்ளிக்கணக்கில் சேராதவை, ஆனால் பெயரில் கிராண்ட் பிரி உண்டு. விவரமான பையன் ஒருத்தன் அதைச் சொன்னால் நடுவர் என்ன செய்வார்? "உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி" என்று எழுதிவிட்டால் 3 ஜூலை 1966, ரீம்ஸ், பிரெஞ்சு கிராண்ட் பிரி என்ற விடையை யாராலும் அசைக்க முடியாது.

இன்னொரு குழி இருக்கு. பிராபம் காரின் முதல் சாம்பியன்ஷிப் வெற்றி பிராபமுடையது இல்லை. 1964-ல் பிரான்சின் ரூவானில் அந்தக் காரை ஓட்டி ஜெயித்தவர் டான் கர்னி. "பிராபம் கார் முதலில் ஜெயித்தது எப்போது" என்பதும் "பிராபம் தன் காரில் முதலில் ஜெயித்தது எப்போது" என்பதும் வேறு வேறு கேள்வி. ரெண்டு வருஷ வித்தியாசம்.

கர்னிக்கு மார்க் கொடுக்காதீங்க. 18 ஜூன் 1967-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் அவர் ஜெயித்த கார் அவருடைய சொந்தத் தயாரிப்புதான், ஆனால் அதன் பெயர் ஈகிள். வடிவமைத்தவர் லென் டெர்ரி, எஞ்சின் வெஸ்லேக் வி12 (V வடிவில் 12 சிலிண்டர்). அதற்கு முந்தின வாரம்தான் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஏ.ஜே. ஃபோய்ட்டோடு சேர்ந்து ஜெயித்திருந்தார். மெக்லாரன் பெயர்க் கணக்கில் வருவார், ஆனால் இரண்டாவது ஆள்: 9 ஜூன் 1968, அதே ஸ்பா, எம்7ஏ கார், ராபின் ஹெர்ட் வடிவமைத்தது. முன்னால் போன ஜாக்கி ஸ்டூவர்ட் கடைசிச் சுற்றுக்கு முன் பெட்ரோல் தீர்ந்து பிட்டுக்குள் (பந்தயத்தின் நடுவே காரைக் கவனிக்கும் தடத்தோர இடம்) போனதால் வெற்றி மெக்லாரன் கைக்கு வந்தது. அன்றைய ஸ்பா ஒரு சுற்றே 14.1 கி.மீ., நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. 28 சுற்றுக்கு பெட்ரோல் கணக்கு தப்பினால் வழியில் நிற்க வேண்டியதுதான்.

பெயர்க் கணக்கில் இந்த இரண்டு பேர்தான். ஜான் சர்ட்டீஸ், கிரஹாம் ஹில், எமர்சன் ஃபிட்டிபால்டி மூவரும் உலக சாம்பியன்கள், மூவரும் சொந்தப் பெயரில் அணி நடத்தினார்கள். அந்தக் கார்கள் ஒரு சாம்பியன்ஷிப் பந்தயம்கூட ஜெயிக்கவில்லை.

குளச்சல் கியர்பாக்ஸ்:

இரண்டாவதும் மூன்றாவதும் இப்படியே வைத்தால் கட்டாயம் தகராறு வரும்.

கூப்பருக்கு வெகு முன்னால், பெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் 1934-ல் ஓட்டுநருக்குப் பின்னால் வி16 எஞ்சினோடு ஜெர்மன் கிராண்ட் பிரியை ஜெயித்தது, ஓட்டியவர் ஹான்ஸ் ஸ்டுக். அதற்கும் முன்பு 1923-ல் மோன்சாவில் பென்ஸ் காரும் அப்படித்தான் ஓடியது. கூப்பருக்கு உரியது வேறு பெருமை: உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஜெயித்த முதல் பின் எஞ்சின் கார். 19 ஜனவரி 1958, புவனோஸ் ஐரிஸ், ஓட்டுநர் ஸ்டெர்லிங் மாஸ். இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைந்த, கிளைமாக்ஸ் என்ற கம்பெனியின் எஞ்சின். கூப்பர் சக்கரத்துக்கு நாலு போல்ட், மற்றவர்களுக்கு நடுவில் ஒரே நட். பிட்டில் டயர் மாற்றினால் நேரம் போய்விடும் என்பதால் மாற்றாமலே ஓட்டினார். கடைசியில் டயரில் ரப்பர் தேய்ந்து கான்வாஸ் தெரிந்தது. லூயிஜி முசோவின் ஃபெராரியை 2.7 வினாடி வித்தியாசத்தில் முந்தி ஜெயித்தார்.

அந்தச் சின்ன எஞ்சின் எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், முன் எஞ்சின் கார்களைப் போல புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) ஓட்டுநருக்கு அடியில் போகவில்லை. சீட்டைத் தாழ்த்தலாம், காற்றை எதிர்க்கும் முகப்பு சிறிதாகும், எடையும் குறையும். கியர்பாக்ஸ் சித்ரோயன் காரிலிருந்து எடுத்து மாற்றியமைத்தது.

மூன்றாவதில் லோட்டஸ் 49 முதல் இல்லை. விட்டோரியோ யானோவின் லான்சியா டி50-யில் 1954-லேயே எஞ்சின் சேஸியின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கியது. 1966-ல் லோட்டஸ் 43-யில் பிஆர்எம் என்ற பிரிட்டிஷ் அணியின் எச்16 (H வடிவில் 16 சிலிண்டர்) எஞ்சின் பின் சஸ்பென்ஷனைத் தாங்கியது. அந்தக் காரில் ஜிம் கிளார்க் அமெரிக்கன் கிராண்ட் பிரியையே ஜெயித்தார். 49-ஐ விட்டுவிட மனசில்லை என்றால், அதில் இருந்த கோஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினை வைத்து இப்படிக் கேளுங்கள்: "கோஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் தன் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது எங்கே, யார் ஓட்டி?" விடை: 4 ஜூன் 1967, ஹாலந்தின் சாண்ட்வோர்ட், கிளார்க்.

அந்த எஞ்சினைப் பொருத்திய விதமும் அழகு. கீழே இரண்டு போல்ட் கெட்டியாக, மேலே மெல்லிய தகடுகள். சூட்டில் எஞ்சின் விரியும்போது தகடு சற்று வளைந்து கொடுக்கும். மேலேயும் கெட்டியாகப் பிடித்தால் அந்த விரிவு சேஸியைத் தள்ளும்.

மார்த்தாண்டம் மேம்பாலம்:

ரொம்ப உபகாரம். மூன்றையும் மாற்றி எழுதுகிறேன். பிராபம் 1966-ல் சாம்பியன் ஆனதை வைத்து ஒரு கேள்வி சேர்க்கலாமா? வடிவமைப்பாளரும் விடையில் வர வேண்டும்.

நாஞ்சில் வி8:

"சொந்தப் பெயர் காரில் உலக சாம்பியன் ஆன ஒரே ஓட்டுநர்" என்று கேட்கலாம், 1966 என்ற வருஷத்தோடு. அவருடைய 1959, 1960 பட்டங்கள் கூப்பரில் வந்தவை, அதனால் மூன்று பட்டமும் சொந்தக் காரில் என்று யாராவது சொன்னால் மார்க் இல்லை. கார் பிடி19, வடிவமைத்தவர் ரான் டோரனாக். பி என்றால் பிராபம், டி என்றால் டோரனாக். எஞ்சின் ரெப்கோ வி8, வடிவமைத்தவர் பில் இர்விங். ஆகவே "வடிவமைப்பாளர்" என்று மட்டும் போடாமல் காரா, எஞ்சினா என்று கட்டாயம் பிரித்துக் கேளுங்கள்.

அந்த ரெப்கோவுக்கு சுமார் 300 குதிரைத்திறன்தான். ஓல்ட்ஸ்மொபைல் சாலைக் காரின் அலுமினிய பிளாக்கை அடிப்படையாக வைத்துச் செய்தது. அந்த வருஷம்தான் எஞ்சின் அளவு விதி 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டருக்கு மாறியது. பிஆர்எம்முடைய எச்16 எடையாலும் பழுதாலும் தவித்தது, கோஸ்வொர்த் 1967-ல்தான் வந்தது. பிராபம் கையில் எடை குறைந்த, நம்பகமான எஞ்சின் தயாராக இருந்தது. பிரான்ஸ், பிரிட்டன், ஹாலந்து, ஜெர்மனி என்று வரிசையாக நாலு வெற்றி, அதுவும் 40 வயதில்.

குளச்சல் கியர்பாக்ஸ்:

டை வந்தால் நம்ம ஊர்க் கேள்வி ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் முதல் புள்ளிகள் எடுத்தது எங்கே, எத்தனை? விடை: 2005, இண்டியானாபோலிஸ், ஜோர்டான் கார், நாலாவது இடம், 5 புள்ளி. மிஷ்லின் டயர் அணிகள் விலகியதால் ஆறு கார்கள் மட்டுமே பந்தயம் தொடங்கின. இதையும் விடைத்தாளில் எழுதி வையுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.