சாயத் தண்ணியில கலர் நிக்குது, ஆர்ஓ மெம்பரேன் அடைச்சுக்கிட்டே இருக்கு – இந்த புது கிராஃபீன் பொடி போட்டா ஆர்ஓவே வேண்டாம்ங்கறாங்க, நம்பலாமா?

பெருந்துறை ஈடிபி:

வணக்கங்க. பெருந்துறை பக்கம் ஒரு சாயப்பட்டறையில ஈடிபி, அதாவது கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட் பாத்துக்கிட்டு இருக்கேன், ஆறு வருசமாச்சு. எங்களுக்கு பொது சுத்திகரிப்பு நிலையம் கனெக்‌ஷன் கிடையாது, சொந்த பிளான்ட்தான். நாளைக்கு 150 கிலோலிட்டர் வருதுங்க, டிடிஎஸ், அதாவது கரைஞ்ச உப்பு, லிட்டருக்கு 6000 மில்லிகிராம் பக்கம். கலெக்‌ஷன் டேங்க், பயாலஜிக்கல் (கிருமிய வெச்சு அழுக்கைத் தின்ன வைக்கறது), கிளாரிஃபையர் (கசடு படிய வைக்கற தொட்டி), சேண்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், யுஎஃப் (நுண்ணிய சவ்வு வடிகட்டி), அப்புறம் உப்பைப் பிரிக்கற ரெண்டு ஸ்டேஜ் ஆர்ஓ. ஆர்ஓ ஒதுக்கற உப்புத் தண்ணி (ரிஜெக்ட்), காய்ச்சி வத்த வைக்கற எவாப்பரேட்டருக்குப் போகுது.

பிரச்சனை என்னன்னா போன வருசம் கார்பன் மாத்தினோம். தேங்காய் சிரட்டை கார்பன், அயோடின் நம்பர் (கார்பன் எவ்வளவு புடிக்கும்ங்கற அளவு) 1000னு சர்டிபிகேட் எல்லாம் குடுத்தாங்க, முன்னாடி போட்டதை விட விலையும் ஜாஸ்தி. ஆனா மூணே வாரத்துல சிவப்பும் டர்க்காய்ஸும் தாண்டி வருது, பாட்டில்ல புடிச்சா ரோஸ் மில்க் மாதிரி தெரியுது. கலர் போகலன்னு கிளாரிஃபையர் பக்கத்துல ஹைப்போவும் (குளோரின் கரைசல்) விட்டுப் பாத்தோம். இன்னொரு பக்கம் ஆர்ஓ பிரஷர் ஏறிக்கிட்டே போகுது, பத்து நாளைக்கு ஒருக்கா சிஐபி (மெம்பரேனைக் கழட்டாம மருந்து விட்டுக் கழுவறது) பண்ண வேண்டியிருக்கு, போன செட் மெம்பரேன் 14 மாசம் கூட தாங்கலைங்க.

இப்ப ஒருத்தர் வந்து கிராஃபீன் (ஒரு வகை கார்பன்) கலந்த நானோ அட்சார்பென்ட், அதாவது அழுக்கை மேல ஒட்ட வெச்சுப் புடிக்கற பொடின்னு காமிச்சாரு. முதலாளி முன்னாடியே ஒரு கிளாஸ்ல நீலத் தண்ணிய ஊத்தி அந்தக் கருப்புப் பொடியப் போட்டு ஆட்டினாரு, ரெண்டு நிமிசத்துல கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. இதைப் போட்டா ஆர்ஓவும் வேண்டாம் எவாப்பரேட்டரும் வேண்டாம், கரண்ட் பில்லு விறகு செலவு எல்லாம் மிச்சம்ங்கறாரு. முதலாளிக்கு மனசு அதுல போயிருச்சு. என் சித்தப்பா பொண்ணு எம்எஸ்சி படிக்குது, அதுவும் ஆராய்ச்சிப் பேப்பர்லயெல்லாம் சாயத்தை 99 சதவீதம் எடுக்குதுன்னுதான் போட்டிருக்குதுங்குது. எனக்கு என்னமோ சரியாப் படலைங்க, ஆனா எதை வெச்சு மறுத்துச் சொல்றதுன்னு தெரியல. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வால்வு மாமா:

தம்பி, நான் 18 வருசமா இதே வேலைதான், பொது சுத்திகரிப்பு நிலையத்துல. உங்க பிரச்சனை ஒண்ணு இல்ல மூணு, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கெடக்கு, பிரிச்சுப் பாப்போம்.

மொதல்ல கார்பன். அயோடின் நம்பர் 1000ங்கறது பொய்யின்னு நான் சொல்ல வரல, ஆனா அது உங்களுக்கு வேண்டிய நம்பர் இல்ல. அயோடின் ரொம்ப சின்ன மூலக்கூறு, ரெண்டு நானோமீட்டருக்கும் சின்ன ஓட்டையில கூட நுழைஞ்சுரும். சிரட்டை கார்பன்ல பூரா அந்த மாதிரி ஊசி ஓட்டைதான், அதனாலதான் குடிதண்ணிக்கும் குளோரின் எடுக்கறதுக்கும் அது அவ்வளவு நல்லா வேலை செய்யும். ரியாக்டிவ் சாயம் அப்படி இல்ல, பெரிய மூலக்கூறு, வாசல்லயே மாட்டிக்கிட்டு நின்னுக்கும், உள்ள இருக்கற இடமெல்லாம் சும்மாவே கெடக்கும். சாயத்துக்கு கொஞ்சம் அகலமான ஓட்டை வேணும், மரக்கரியில ஆசிட் போட்டு ஆக்டிவேட் பண்ணின கார்பன்ல அது ஜாஸ்தி. சப்ளையர்கிட்ட மொலாசஸ் நம்பர் என்னன்னு கேளுங்க, அதுதான் பெரிய மூலக்கூறுக்குக் கணக்கு.

சர்டிபிகேட்டை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. உங்க கிளாரிஃபையர் தண்ணியவே அஞ்சு பீக்கர்ல எடுங்க, ஹைப்போ விடாத அன்னைக்கு எடுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கார்பன், நல்லா பொடி பண்ணி ஒரே எடை போடுங்க, ஒரு மணி நேரம் கலக்கி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி, வெள்ளைக் காகிதம் மேல வரிசையா வெச்சுப் பாருங்க. எந்த லேபும் வேண்டாம், கண்ணே சொல்லிரும். ஒரே ஒரு எச்சரிக்கை, மரக்கரி கார்பன் வெயிட் கம்மி, சிரட்டை கார்பனுக்கு வெச்ச பேக்வாஷ் (கீழ இருந்து தண்ணி விட்டுக் கழுவறது) ஃப்ளோவிலயே கழுவினீங்கன்னா பாதி கார்பன் ட்ரெயின்ல போயிரும். எங்க பிளான்ட்லயே அப்படி ஒரு லோடு போயிருக்கு, காலைல வந்து மேன்ஹோல் திறந்து பாத்தா பெட் முழங்கால் ஆழம் இறங்கிக் கெடந்துச்சு.

அடுத்தது ஹைப்போ. தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க. கார்பன் பெட் குளோரினைத் தின்னுரும்ங்கறது உண்மைதான், ஆனா சாயத்தைப் புடிக்க வேண்டிய கார்பன் குளோரினைப் புடிச்சே தீந்துரும். ஒரு நாள் தப்பி உள்ள போச்சுன்னா ஆர்ஓவோட பாலிஅமைட் மெம்பரேன் அதைத் தாங்கவே தாங்காது.

மெம்பரேனுக்கு என்ன வியாதின்னு தெரியாம சிஐபி பண்ணாதீங்க. டிபி (உள்ள போற, வெளிய வர்ற பிரஷர் வித்தியாசம்) எந்த ஸ்டேஜ்ல ஏறுது? முத ஸ்டேஜ்ல ஏறினா அழுக்கு இல்லன்னா பாசி. கடைசி ஸ்டேஜ்ல ஃப்ளோ கொறைஞ்சா உப்புப் படிவு, அங்கதான் தண்ணி கெட்டியாகும். பெர்மியேட் (சுத்தமாகி வர்ற தண்ணி) ஜாஸ்தியா வந்து அதோட டிடிஎஸ்ஸும் ஏறுச்சுன்னா அது அடைப்பே இல்ல, குளோரின் மெம்பரேனைத் தின்னுட்டுதுன்னு அர்த்தம், அதுக்கு மருந்து கிடையாது. அப்புறம் யுஎஃப் தண்ணி நிக்கற டேங்க் உள்சுவத்தைக் கையால தடவிப் பாருங்க, வழுக்குதான்னு வந்து சொல்லுங்க.

கரிமம்:

திருச்சியில அட்சார்ப்ஷன்லதான் பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன். அந்த 99 சதவீதம் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அந்த மாதிரி பேப்பர் நானும் எழுதியிருக்கேன், அதுல பொய் எதுவும் இல்ல, ஆனா அதை உங்க பிளான்ட்டுக்கு அப்படியே எடுத்துட்டு வரக்கூடாது.

நிறைய பேப்பர்ல சோதனைக்கு எடுக்கற சாயம் மெத்திலீன் ப்ளூ, அதுவும் டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சது. மெத்திலீன் ப்ளூவுக்கு பாசிட்டிவ் சார்ஜ். கிராஃபீன் ஆக்சைடு தண்ணியில போட்டா நெகட்டிவ் சார்ஜ் எடுக்கும், அதனால ரெண்டும் காந்தம் மாதிரி ஒட்டிக்கும். உங்க பட்டறையில போடற ரியாக்டிவ் சாயத்துல சல்ஃபோனேட் குரூப் இருக்கு, அது நெகட்டிவ். அப்ப ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளத்தான் செய்யும். அந்த விற்பனையாளர் கிளாஸ்ல ஊத்தின நீலத் தண்ணி எதுன்னு கேளுங்க, எனக்கு மெத்திலீன் ப்ளூன்னுதான் தோணுது. அவர் பொடியில வேற ஏதாவது சேத்து சார்ஜை மாத்தியிருக்கலாம், அதை நான் மறுக்கல, ஆனா உங்க சாயத் தண்ணியில உங்க முன்னாடி போட்டுக் காட்டணும். பிஎச்சும் முக்கியம். சாயம் ஏத்தறது பிஎச் 10, 11ல, அந்தத் தண்ணி சரியா நியூட்ரல் ஆகாம வந்தா கார்பன் மேற்பரப்பும் நெகட்டிவா மாறி சாயத்தைத் தள்ளும். கொஞ்சம் ஆசிட் பக்கம் கொண்டு வந்துட்டு அதே பீக்கர் டெஸ்ட்டை இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

புதுப் பொருளே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல நான். எம்ஓஎஃப்னு ஒரு வகை இருக்கு, உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்து பண்ணின ஓட்டை நிறைஞ்ச பொருள், 2025ல வேதியியல் நோபல் அதுக்குத்தான் கிடைச்சுது, கிடகாவா, ராப்சன், யாகி மூணு பேருக்கும். சில வகையில ஒரு கிராம்ல 7000 சதுர மீட்டர் பரப்பு கூட வரும், நல்ல கார்பன்ல 1000, 1500 இருந்தாலே பெருசு. ஆனா எம்ஓஎஃப்-5ங்கறது ஈரம் பட்டாலே உடைஞ்சுரும், யுஐஓ-66 மாதிரி சிர்க்கோனியம் வெச்சதுதான் தண்ணியில நிக்குது. அதுவும் பொடியா இருக்கும், பெட்ல கொட்டி பேக்வாஷ் பண்ண முடியாது, மணி மாதிரி உருட்டினா பரப்பு கொறையுது. அதுக்காக சோர்ந்து போகவும் வேண்டாம், சென்னை ஐஐடியில பேராசிரியர் பிரதீப் குழு ஆர்சனிக் எடுக்க பண்ணின இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு பொருள் லேபைத் தாண்டி வந்து கிராமங்கள்ல குடிதண்ணிக்கு ஓடுது. எந்த அழுக்கு, எந்தத் தண்ணின்னு ஒண்ணைக் குறி வெச்சு வருசக்கணக்கா உழைச்சாங்க, அதனாலதான் அது நடந்துச்சு. உங்க கேஸுக்கு நான் படிச்சுப் பாக்கச் சொல்றது லூஸ் நானோஃபில்ட்ரேஷன், அதாவது ஆர்ஓவை விட ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கற சவ்வு. அதுல சாயம் நின்னுக்கும், உப்பு நிறைய தாண்டி வந்துரும், அந்த உப்புத் தண்ணிய திரும்ப சாயத் தொட்டிக்கே கொண்டு போகலாம்.

ஒரத்துப்பாளையம் காடு:

நான் இன்ஜினியர் இல்லீங்க, வெவசாயி. திருப்பூர் தாண்டி வர்ற நொய்யல் ஆத்தோரம் எங்க காடு. இதைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல.

எல்லாரும் கலர் கலருங்கறீங்க. 1992ல நொய்யல் மேல ஒரத்துப்பாளையம் டேம் கட்டி முடிச்சாங்க, எங்க அய்யன் இனி மூணு போகம்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு. வந்தது பூரா சாயத் தண்ணி. கலரு நாளாக நாளாக வெளுத்துப் போயிரும், தேங்கி நின்னா தெளிஞ்ச தண்ணி மாதிரியே இருக்கும். எங்க காட்டை அழிச்சது கலர் இல்லீங்க, உப்பு. உப்புக்குக் கலர் கிடையாது. கிணத்துத் தண்ணி பாக்க பளிங்கு, சோப்பு போட்டா நுரை வராது, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும், தென்னை குருத்து கருகி ஒண்ணொண்ணா சாஞ்சுது. 2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறை பூராத்தையும் மூடச் சொல்லுச்சு, 700க்கும் மேல பட்டறை நின்னுச்சு. எத்தனையோ குடும்பத்துக்கு வேலை போச்சு, அதுல எங்க சொந்தக்காரங்களும் இருந்தாங்க, எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா அன்னைக்கு அது நடக்கலைன்னா இன்னைக்கு நாங்க பேசிக்கிட்டிருக்க மாட்டோம்.

நீங்க சொன்ன கணக்கையே போட்டுப் பாத்தேன் தம்பி. 150 கிலோலிட்டர், லிட்டருக்கு 6 கிராம். ஒரு நாளைக்கு 900 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையில 18 மூட்டை. அந்தப் பொடி கலரை எடுத்துரும்னே வெச்சுக்குவோம், ஆர்ஓவையும் எவாப்பரேட்டரையும் கழட்டிட்டா இந்த 18 மூட்டை தினமும் எங்க போகும்? இதை மட்டும் உங்க முதலாளிகிட்ட கேளுங்க.

பெருந்துறை ஈடிபி:

ஒரத்துப்பாளையம் அண்ணா, உங்க பதிவை முதலாளிகிட்ட அப்படியே படிச்சுக் காமிச்சேங்க. அவரு ஒண்ணும் பேசல, கால்குலேட்டர் எடுத்து அவரே ஒருக்கா போட்டுப் பாத்தாரு. ஆர்ஓவைக் கழட்டற பேச்சு இனி இல்லீங்க.

கரிமம் சொன்ன மாதிரி அந்தப் பொடிய நம்ம தண்ணியில போடச் சொன்னோம். அவரு நம்ம லைன்ல புடிச்ச சிவப்புத் தண்ணியில போட்டு கால் மணி நேரம் ஆட்டினாரு, கொஞ்சம் வெளுத்துச்சு, அவ்வளவுதான்.

வால்வு மாமா, பீக்கர் டெஸ்ட் பண்ணினேன். சிரட்டை கார்பன்ல ரோஸ் அப்படியே நிக்குது, மரக்கரியில பக்கத்துல தண்ணி வெச்சுப் பாத்தாத்தான் லேசா மஞ்சள் தெரியுது. பிஎச்சை 6க்குக் கொண்டாந்து போட்டப்ப அதுவும் இல்ல. டிபி முத ஸ்டேஜ்லதான் ஏறுதுங்க. யுஎஃப் டேங்க் சுவரு வெண்டைக்காய் மாதிரி வழுக்குது, மெம்பரேன் இருக்கற முத ஹவுசிங் திறந்தா பழுப்பா கொழகொழன்னு ஒரு படலம், குளத்துச் சேறு நாத்தம். நாங்க இத்தனை நாளும் ஆசிட் சிஐபிதான் மொதல்ல பண்ணிக்கிட்டு இருந்தோம். இன்னொரு கேள்வி, தீந்து போன கார்பனையும் எவாப்பரேட்டர் உப்பையும் என்ன பண்றது? ஷெட்டுல மூட்டை மூட்டையா ஏறிக்கிட்டே இருக்குங்க.

வால்வு மாமா:

நல்லது தம்பி, அப்ப உங்களுக்கு பாசிதான். யுஎஃப் கிருமியத் தடுக்கும், ஆனா கிருமிக்குத் தீனியத் தடுக்காது, கரைஞ்ச கரிம அழுக்கு (சிஓடி) தாண்டி வந்து அந்த டேங்க்ல நின்னு திரும்ப வளருது. டேங்க்கைக் காலி பண்ணி தேய்ச்சுக் கழுவுங்க, தண்ணிய ராத்திரி பூரா நிக்க விடாதீங்க. சிஐபிக்கு காஸ்டிக் மொதல்ல, பிஎச் 11, 12, தண்ணி 30, 35 டிகிரி சூட்டுல, ஊற வெச்சு சுத்த விடுங்க, அலசிட்டு அப்புறம்தான் ஆசிட். ஆசிட் மொதல்ல விட்டா அந்தக் கொழகொழப்பு இறுகி மெம்பரேன்லயே ஒட்டிக்கும். பயாலஜிக்கல்ல காத்து சரியா போகுதான்னும் பாருங்க, அங்க விட்டதைத்தான் பின்னாடி இருக்கறதெல்லாம் சுமக்குது.

கார்பனும் ஸ்லட்ஜும் (கசடு) பிடிச்ச விஷத்தை வெச்சுக்கிட்டுத்தான் இருக்கு, மழை பட்டா திரும்ப இறங்கும். பள்ளத்துல கொட்டறதோ ரோட்டோரம் நிரப்பறதோ கூடவே கூடாது. கூரைக்குக் கீழ, சிமென்ட் தரையில காய வெச்சு, எடை போட்டு ரெஜிஸ்டர்ல எழுதி, அனுமதி வாங்கின சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புங்க.

உப்புக்கு வழி இருக்கு, ஆனா அது சாயம் ஏத்தற எடத்துல இருந்து ஆரம்பிக்கணும். உங்க டையிங் மாஸ்டர் ஒரு பேட்ச்சுக்கு சாதா உப்பும் அடுத்த பேட்ச்சுக்கு கிளாபர் சால்ட்டும் (சோடியம் சல்ஃபேட்) அப்படின்னு மாத்தி மாத்திப் போட்டா எவாப்பரேட்டர்ல வர்றது கலப்பு உப்பு, அதை யாரும் வாங்க மாட்டாங்க, அதான் மூட்டையா ஏறுது. கிளாபர் சால்ட் மட்டும் போட்டா, அது 32 டிகிரிக்குக் கீழ குளிரக் குளிர கரையற அளவு மளமளன்னு கொறையும், சில்லர்ல குளிர வெச்சா பளபளன்னு தனியா படிஞ்சு விழும், அதைக் கழுவித் திரும்ப சாயத்துக்கே போடலாம். திருப்பூர்ல பொது நிலையங்கள்ல இப்படி எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

அடுத்த சிஐபிக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு ஸ்டேஜோட பிரஷர், ஃப்ளோ, பெர்மியேட் டிடிஎஸ் எழுதி இங்க போடுங்க. மாஸ்டர்கிட்ட எந்த உப்பு போடறாருன்னும் கேட்டு எழுதுங்க.